ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிக்காமல் பொருள்களை வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கருவிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், நடுவில் கொஞ்ச காலம் மொபைல் ஆப்கள் என்று பல வருடங்களாக டிசைன் வேலை பார்த்து வருகிறேன். ‘இதையே பெண்களுக்கும் பிடிக்கிற மாதிரி மாற்றிக் கொடுங்கள்’ என்று யாராவது வந்து நிற்காத வருடமே இல்லை. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் கூட வேலை செய்பவர்களும் விற்பனைக்காரர்களும் டிசைன் படிக்கும் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு பொருளில் பாலின முத்திரை இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பயன்படுத்தப் போகிறவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில், தெரிந்துகொள்ளாமல், ‘பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள், ஆண் என்றால் இதைத்தான் கேட்பான்’ என்று ஒரு ஊகத்தைப் போட்டு நிரப்பிவிட்டால் அதுதான் முத்திரை. பழைய உதாரணம், 1955-இல் அமெரிக்காவில் டாட்ஜ் நிறுவனம் விட்ட ‘லா ஃபெம்’ கார். இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த வண்டி, அதோடு பொருத்தமான கைப்பை, லிப்ஸ்டிக் உறை, மழைக்கோட்டு, குடை எல்லாம் உண்டு. இருக்கையை முன்னால் தள்ளினால் உயரம் குறைந்தவருக்குப் பெடல் எட்டுமா, ஸ்டீயரிங்கைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்கிற கேள்விகளுக்கும் அந்தக் குடைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடுத்த வருடத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்துப் பிக் நிறுவனம் ‘அவளுக்காக’ என்று பெயரிட்டு மென்வண்ணப் பேனாக்கள் விட்டது. 2012-இல் அமேசானில் அதற்கு வந்த கிண்டல் விமர்சனங்கள் உலகம் பூராவும் சுற்றின. இத்தனை காலம் பெண்கள் எந்தப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று அந்த நிறுவனத்தில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்படியென்றால் கலர்தானே பிரச்சினை? எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிட்டால் முடிந்ததா?

முடியாது. கலர் ரொம்பச் சின்ன விஷயம், அதுவும் நிலையில்லாத விஷயம். 1918-இல் அமெரிக்காவில் குழந்தை உடை வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, பிங்க் அழுத்தமான நிறம் என்பதால் பையன்களுக்கு, நீலம் மென்மையானது என்பதால் பெண் பிள்ளைகளுக்கு என்று எழுதியது. நூறு வருடத்துக்குள் அது தலைகீழாகிவிட்டது.

சாம்பல் நிறத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘பொதுவானது’ என்று சொல்லப்படும் பல பொருள்கள், ஆண்களுக்கென்று செய்ததில் லேபிளை மட்டும் கிழித்துவிட்டு வைத்தவை. அளவு அதே அளவு, பிடி அதே பிடி. பிங்க் பொருளாவது தன்னை யாருக்காகச் செய்தார்கள் என்பதை வெளியே சொல்லிவிடுகிறது, சாம்பல் பொருள் அதையும் சொல்வதில்லை.

ஆண் உடலும் பெண் உடலும் வேறுவேறுதானே? அதை மறைத்துவிட்டு டிசைன் செய்ய முடியுமா?

மறைக்கவே கூடாது. இந்த விஷயத்தில் பலரும் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முத்திரையை உதற வேண்டும் என்று சொன்னதும், சிலர் உடல் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதே தப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பது என்னவென்றால், உலகில் பல பொருள்கள் ஏற்கெனவே ஒரு ஆண் உடலை அளவாக வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கின்றன, அதை யாரும் ‘ஆண்களுக்கானது’ என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். கார் மோதல் சோதனையில் உட்காரவைக்கும் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் உருவாகி இன்றுவரை அதிகம் பயன்படும் ‘ஹைப்ரிட் 3’ பொம்மை ஏறக்குறைய 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண். பெண் என்ற பெயரில் சோதனைக்கு வந்த பொம்மை அதே ஆணைச் சுருக்கி வைத்தது மாதிரிதான், ஏறக்குறைய ஐந்தடி உயரம், 50 கிலோ எடை. நடுத்தர உயரமுள்ள ஒரு பெண்ணின் இடுப்பு, கழுத்து, உட்காரும் விதம் எதுவும் அதில் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்க மோதல்களில், சீட் பெல்ட் போட்டிருந்தும், பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் 162 செ.மீ. உயரம், 62 கிலோ எடையில் சராசரிப் பெண்ணின் அளவுக்கு ஒரு பொம்மையைச் செய்து காட்டியது 2022-இல்தான்.

2019 மார்ச்சில் நாசா, இரண்டு பெண்கள் மட்டுமே செல்லும் முதல் விண்வெளி நடையைக் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டிவந்தது. காரணம், இருவருக்கும் பொருந்திய நடுத்தர அளவு மேலுடையில் ஒன்றுதான் பயன்படுத்தத் தயாராக இருந்தது! அக்டோபரில்தான் அந்த நடை நடந்தது.

அலுவலக ஏசியும் அப்படித்தான். அறை வெப்பநிலைக்கான சூத்திரத்தில் 1960-களிலிருந்து புழங்கி வரும் ஒரு எண், 40 வயது, 70 கிலோ ஆணின் உடல் எவ்வளவு வெப்பம் வெளியிடும் என்பதை வைத்து வந்தது என்றும், பெண்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றும் 2015-இல் ஒரு ஆய்வு சொன்னது. ஆபீஸில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் செல்லம் கொஞ்சவில்லை.

ஆகவே அளவெடுங்கள், உயரம், கை அகலம், பலம், எடை எல்லாம். எடுத்த பிறகு, அந்த அளவை ‘பெண்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் அளவாகவே எழுதுங்கள். பியானோ நல்ல உதாரணம். சாதாரணப் பியானோவில் ஒரு எண்மம், அதாவது எட்டு சுரத் தூரம், ஏறக்குறைய 165 மி.மீ. சின்னக் கை உள்ளவர்களுக்கு அது வலியில் கொண்டுபோய் விடும். அதே எட்டு சுரமும் ஏறக்குறைய 141 மி.மீ.-க்குள் அடங்குகிற மாதிரி குறுகிய கட்டைகளும் (விரலால் அழுத்தும் விசைகள்) இப்போது கிடைக்கின்றன. இது பெண்களுக்கு மட்டும் சலுகையா என்றால், பெரும் கலைஞர் யோசப் ஹோஃப்மனுக்குக் கை சின்னது என்பதால் ஸ்டைன்வே நிறுவனம் கட்டைகளைக் கொஞ்சம் குறுக்கிப் பியானோ செய்து கொடுத்திருக்கிறது. அவர் ஆண். அவருடைய பிரச்சினையும் கை அளவுதான்.

சரி, சராசரி ஆணுக்குப் பதில் சராசரி மனிதனுக்குச் செய்தால்?

சராசரி மனிதன் என்று ஒருவன் கிடையாது. 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அதில் பத்து அளவுகளை எடுத்து, பத்திலும் சராசரிக்கு அருகில் வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் ஏற்கெனவே உடல் அளவு பார்த்துப் பொறுக்கப்பட்டவர்கள், அப்படியும் பூஜ்யம். அதன் பிறகுதான் விமானி அறையில் முன்பின் நகரும் இருக்கை, இழுத்துக் கட்டும் பட்டை என்று வர ஆரம்பித்தன.

எனக்கு இந்தத் துறையில் பிடித்த கதை இதுதான். ஆண்களுக்கு மட்டும் செய்தபோதே ‘ஆண்’ என்ற ஒற்றை அளவு வேலைக்கு ஆகவில்லை என்றால், அதே மாதிரி ‘பெண்’ என்று இன்னொரு ஒற்றை அளவைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

பெண்களுக்கென்றே தனியாக ஒரு பொருள் செய்வது தப்பா?

தப்பில்லை. மாதவிடாய்ப் பொருள்கள், தாய்ப்பால் எடுக்கும் கருவி, மார்புக்கு இடம் விட்டுச் செய்த குண்டு துளைக்காத கவசம் எல்லாம் தேவை, இன்னும் நன்றாகவே செய்யப்பட வேண்டியவை. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: கையில் இருக்கும் பிரீஃபில், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் குறிப்பில், ‘பெண்கள்’ என்ற சொல்லை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். ‘முதுகின் நீளம் 40 முதல் 45 செ.மீ., தோள் குறுகலானவர், இடுப்பில் எடை தாங்க வேண்டும்’ என்று மிஞ்சினால் அது முதுகுப்பைக்கான நல்ல பிரீஃப், அந்த உடலுள்ள எந்த மனிதருக்கும் பொருந்தும். ‘நளினமாக, துடிப்பாக, அழகாக’ என்று மட்டும் மிஞ்சினால் உங்கள் கையில் பிரீஃபே இல்லை.

நீங்கள் இந்தத் தப்பைச் செய்ததே இல்லையா?

செய்திருக்கிறேன், அதுவும் தெரிந்தே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காகப் பெண்களுக்கான பேட்டரி ஸ்க்ரூடிரைவர் ஒன்று செய்தோம். பிடியைச் சிறிதாக்கினேன், எடையைக் குறைத்தேன், லேசான ஊதா நிறம் கொடுத்தேன். எடையைக் குறைக்க வேண்டும் என்பதால் மோட்டாரையும் சிறியதாகப் போட்டோம், ‘வீட்டில் சின்னச் சின்ன வேலைக்குத்தானே’ என்று யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். சோதனைக்குக் கொடுத்த வீடுகளில் ஒரு பெண்மணி இரண்டாம் நாளே திருப்பித் தந்துவிட்டார், கட்டிலை மாட்டும்போது ஸ்க்ரூ பாதியிலேயே நின்றுவிட்டதாம். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. மூட்டுவலி உள்ள ஒரு பெரியவர், பக்கத்தில் இருந்ததை எடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘பிடி ரொம்ப வாகா இருக்கு’ என்றார். வேண்டுமா என்று கேட்டால், கலரைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

பிடி அளவும் மோட்டார் பலமும் இரண்டு தனி முடிவுகள். ‘பெண்’ என்ற ஒற்றைச் சொல்லால் நான் அவற்றை முடிச்சுப் போட்டுவிட்டேன். அதனால் பலம் தேவைப்பட்ட பெண்ணுக்கும் பயன்படவில்லை, சின்னப் பிடி தேவைப்பட்ட ஆணுக்கும் பயன்படவில்லை.

பெண்கள் ஜீன்ஸில் பாக்கெட் ஏன் அப்படி இருக்கிறது?

2018-இல் அமெரிக்காவில் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை அளந்து பார்த்தார்கள். பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. இடுப்புச் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்த ஜீன்ஸ்களை ஒப்பிட்டு வந்த கணக்கு இது, எனவே உடல் சிறியது என்ற சாக்கும் எடுபடாது. அவளிடம் கைப்பை இருக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

பிரித்து விற்றால் இரண்டு மடங்கு விற்குமே? விற்பனைப் பிரிவு இதைத்தான் கேட்கிறது.

நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். சில சமயம் விற்கத்தான் செய்கிறது. அடுக்கி விளையாடும் பொம்மைகள் செய்யும் லெகோ நிறுவனம் 2012-இல் சிறுமிகளைக் குறிவைத்து ‘ஃபிரெண்ட்ஸ்’ வரிசையைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது, விற்பனையும் நன்றாகவே இருந்தது. அண்ணனுக்கு வாங்கிய சைக்கிளைத் தங்கைக்குக் கொடுக்க முடியாதபடி செய்துவிட்டால் இன்னொரு சைக்கிள் விற்கும் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும்.

ஆனால் அந்தக் கணக்கில் சேராதவை உண்டு. ஒரே பொருளை இரண்டாகப் பிரித்தால் இரண்டு வார்ப்பு அச்சு, இரண்டு பெட்டி, இரண்டு கையிருப்பு, எந்தப் பாதி தேங்கும் என்ற தலைவலி. அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்றால், 2015-இல் நியூயார்க் நகர நிர்வாகம் ஏறக்குறைய 800 பொருள்களை ஒப்பிட்டபோது, பெண்களுக்கென்று விற்றவை சராசரியாக 7 சதவீதம் கூடுதல் விலையில் இருந்தன. இப்போது இதற்குச் சட்டமும் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலம் 2020-இலும், கலிபோர்னியா 2023-இலும், கணிசமாக ஒரே மாதிரியான பொருளுக்கு ஆண்-பெண் பார்த்து விலை மாற்றுவதைத் தடை செய்தன.

அப்புறம் முத்திரை என்பது கல்லில் செதுக்கியதும் இல்லை. முதல் உலகப் போருக்கு முன்பு கைக்கடிகாரம் என்றால் பெண்கள் நகை, ஆண்கள் பாக்கெட்டில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள். பதுங்கு குழியில் ஒரு கையில் துப்பாக்கியோடு பாக்கெட்டைத் துழாவ முடியாது என்று ஆனதும் அது ஆண்மையின் அடையாளமாகிவிட்டது. மார்ல்போரோ சிகரெட் 1924-இல் பெண்களுக்கான மென்மையான சிகரெட்டாக விற்கப்பட்டது, 1950-களில் தொப்பி போட்ட குதிரைக்காரன் விளம்பரத்துக்கு வந்தான், பிறகு நடந்தது தெரியும். இப்படி ஒரு தலைமுறைக்குள் திருப்பிப் போட முடிகிற ஒன்றை ‘பெண்களின் இயல்பான விருப்பம்’ என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

எப்போதும் பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆண்களுக்கு இதில் நஷ்டம் இல்லையா?

இருக்கிறது, சில இடங்களில் ஆண்களுக்குத்தான் வேலி உயரம் அதிகம். ஒரு பெண் ‘ஆண்’ பொருளை எடுத்தால் பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை, ஒரு பையன் ‘பெண்’ பொருளை எடுத்தால் சிரிக்கிறார்கள். லெகோ நிறுவனம் 2021-இல் ஏழு நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பில், மற்ற பாலினத்துக்கானது என்று கருதப்படும் பொம்மையோடு விளையாடினால் கேலி செய்வார்களோ என்று பயப்படுவதாகச் சொன்ன பையன்கள் 71 சதவீதம், பெண் பிள்ளைகள் 42 சதவீதம். தன் தயாரிப்புகளிலிருந்து பாலின முத்திரைகளை அகற்றுவதாக அந்த நிறுவனம் அறிவித்ததும் அப்போதுதான்.

2012-இல் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தம்பி கேட்ட பொம்மை அடுப்பு பெண் பிள்ளைகளுக்கான நிறத்தில் மட்டும்தான் வருகிறது, பெட்டியில் பையன்களின் படமே இல்லை என்று கையெழுத்து வேட்டை நடத்தினாள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன, ஹாஸ்ப்ரோ நிறுவனம் கறுப்பு, வெள்ளி நிறங்களில் அடுப்பைக் கொண்டுவந்தது. நல்ல வேளை, அந்தத் தம்பிக்கு இப்படி ஓர் அக்கா இருந்தாள்.

பெரியவர்களிடமும் இதுதான். குழந்தையைக் கட்டிக்கொள்ளும் பட்டை ஒரு தகப்பனின் தோளுக்கு எட்டவில்லை என்றால், அந்தப் பொருள் அவரிடம் ‘இது உன் வேலை இல்லை’ என்று சொல்லாமல் சொல்கிறது.

குழந்தைகள் தாங்களாகவே பிங்க்தான் வேண்டும் என்கிறார்களே?

கேட்டால் கொடுங்கள். பிங்க்கைப் பிடுங்குவது யாருடைய வேலையும் இல்லை. எனக்குப் பிரச்சினை நிறத்தில் இல்லை, நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் குறைப்பில்தான். பிங்க் கட்டுமானப் பெட்டியில் துண்டுகள் குறைவா, பிங்க் மைக்ராஸ்கோப்பில் உருப்பெருக்கம் குறைவா என்று பாருங்கள், ஒரே தரமாக இருந்தால் வானவில் நிறத்திலும் விற்கலாம்.

டிசைனர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் நிறத்தைவிடப் பெட்டி மேல் இருக்கும் படம். பையன் ராக்கெட் விட, பெண் பிள்ளை பக்கத்தில் கைதட்டுகிற படத்தைப் போட்டுவிட்டு உள்ளே என்ன வைத்தாலும் பிரயோஜனமில்லை. கடை அடுக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலியான டார்கெட் நிறுவனம் 2015-இல் பொம்மைப் பிரிவில் ஆண்-பெண் பலகைகளை எடுத்தது. கலிபோர்னியாவில் மொத்தம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரிய கடைகள் பாலினம் குறிக்காத பொம்மைப் பகுதி ஒன்றை வைத்தாக வேண்டும் என்ற சட்டம் 2024 முதல் அமலில் இருக்கிறது.

பயனர்களிடமே கேட்டுவிட்டால் போதாதா?

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘பெண்களாகிய நீங்கள் ஒரு டிரில்லில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டால், கேள்வியிலேயே முத்திரையைக் குத்தியாயிற்று, பதிலும் அதற்குத் தோதாகத்தான் வரும். கடைசியாகச் சுவரில் எப்போது ஓட்டை போட்டீர்கள், எது வழுக்கியது, எங்கே கை வலித்தது, யாரைக் கூப்பிட்டீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். முடிந்தால் பேச்சை விட்டுவிட்டு வேலை செய்வதைப் பாருங்கள், கை பொய் சொல்லாது.

‘பெர்சோனா’, அதாவது பயனர் எப்படிப்பட்டவர் என்ற கற்பனைச் சித்திரம், எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘34 வயது, இரண்டு குழந்தைகளின் தாய், ஷாப்பிங்கும் யோகாவும் பிடிக்கும்’ என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதை அப்படியே ‘34 வயது, இரண்டு குழந்தைகளின் தகப்பன்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது எந்த வரி உறுத்துகிறதோ அந்த வரி ஆராய்ச்சியிலிருந்து வந்ததில்லை, உங்கள் தலையிலிருந்து வந்தது.

டீமில் ஒரு பெண் இருந்தால் சரியாகிவிடுமா?

ஒரு பெண் இருந்தால் அவரிடம் எல்லாரும் திரும்பி ‘பெண்களுக்கு இது பிடிக்குமா?’ என்று கேட்பார்கள், உலகத்தில் பாதிப் பேர் சார்பில் அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும், அப்போதுதான் பேச்சு உருப்படியாகும். 2014-இல் ஆப்பிள் தன் ஹெல்த் செயலியை விட்டபோது ரத்த அழுத்தம் முதல் உடம்பில் சேரும் குரோமியம் வரை பதிந்துகொள்ள இடம் இருந்தது, மாதவிடாய்க்கு இடமில்லை. மறு வருடம் சேர்த்தார்கள். அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை, ஆனால் அந்தக் கேள்வி அங்கே எழவில்லை என்பது தெரிகிறது.

ஆப், இணையப் படிவம் இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், ஆணா பெண்ணா என்ற பெட்டி உங்களுக்கு எதற்கு? அந்தத் தகவலை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் பெட்டியை எடுத்துவிடுங்கள். மருந்து அளவுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், எதற்கு என்று பக்கத்திலேயே சொல்லுங்கள், இரண்டு பதிலோடு நிறுத்தாதீர்கள், சொல்ல விரும்பாதவர் தாண்டிப் போக வழி வையுங்கள். அனுப்ப வேண்டிய செருப்பின் அளவு தெரிய வேண்டுமென்றால் பாத அளவைக் கேளுங்கள்.

அடுத்தது குரல். சொன்னதைக் கேட்கிற உதவியாளர் என்றாலே பெண் குரல் என்று பல நிறுவனங்கள் முதலில் வைத்தன. வசை பேசினால்கூட வெட்கப்படுகிற மாதிரி பதில் சொல்லும்படி சில உதவியாளர்களை எழுதியிருந்தார்கள், 2019-இல் யுனெஸ்கோ அறிக்கை ஒன்று இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. 2021-இல் ஆப்பிள் தன் குரல் உதவியாளரான ‘சிரி’யின் ஆங்கிலப் பதிப்பில் பெண் குரலைத் தானாக வைப்பதை விட்டுவிட்டு, முதல் முறையே பயனரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. செலவில்லாத, எளிமையான தீர்வு.

மொழிபெயர்ப்பிலும் இது ஒளிந்திருக்கும். துருக்கி மொழியில் ‘அவன்’, ‘அவள்’ என்ற வேறுபாடு கிடையாது. முன்பெல்லாம் அதில் ‘அவர் மருத்துவர்’ என்று எழுதினால் கூகுள் டிரான்ஸ்லேட் ஆங்கிலத்தில் ஆணாக்கிவிடும். 2018 கடைசியில்தான் ஆண், பெண் இரண்டு மொழிபெயர்ப்பையும் காட்ட ஆரம்பித்தது.

தமிழில் ஆப் எழுதும்போது?

நமக்கு ‘அவர்’ இருக்கிறது, ‘-ஆர்’ விகுதி இருக்கிறது, பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ‘உங்கள் நண்பர் ஒரு படம் பகிர்ந்துள்ளார்’ என்பது யாருக்கும் இடிக்காது. இருந்தும் ‘மாணவன் தன் பெயரை எழுதவும்’, ‘நண்பனை அழைக்கவும்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். மாணவர், நண்பர், ஓட்டுநர், செவிலியர் எல்லாம் பழகிய சொற்கள்தானே. சலவைத் தூள் உறையில் ‘இல்லத்தரசிகளே’ என்று விளிப்பதை விட்டுவிட்டு ‘துணி துவைப்பவர்களுக்கு’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ‘நடிகர்’ ஆண், ‘நடிகை’ பெண் என்று பழகிப்போன இடங்களில் மட்டும் கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

எல்லாருக்கும் என்று செய்தால் யாருக்குமே பொருந்தாமல் போகாதா?

‘எல்லாருக்கும்’ என்று ஆரம்பித்தால் போகும். அதனால் அப்படி ஆரம்பிக்காதீர்கள், ரொம்பக் கஷ்டப்படுகிற ஒருவரிடமிருந்து ஆரம்பியுங்கள். சாம் ஃபார்பர் என்பவர் தன் மனைவிக்கு மூட்டுவாதத்தால் தோல் சீவும் கருவியைப் பிடிக்க முடியவில்லை என்று பார்த்து, தடித்த, மெத்தென்ற, வழுக்காத பிடியோடு கருவிகள் செய்யச் சொன்னார். 1990-இல் ஆக்ஸோ என்ற பெயரில் வந்தன. பெண்களுக்கான கருவி என்று அதை விற்றிருக்கலாம், அந்த வழியில் அவர் போகவில்லை. ஈரக் கை, வலிக்கிற கை, சின்னக் கை, பெரிய கை எல்லாவற்றுக்கும் அது வாகாக இருந்தது.

இதையே திருப்பிப் போட்ட கதை பழைய கார்களில் இருக்கிறது. பெட்ரோல் கார்களை முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், அது எகிறிப் பலருடைய கையை உடைத்திருக்கிறது. சுற்ற வேண்டியில்லாத மின்சாரக் கார்களைப் பெண்களுக்கேற்ற வண்டி என்று விற்றார்கள். 1912-இல் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டர் வந்ததும், பெண்களுக்கான சொகுசு என்று நினைத்த அதே வசதி எல்லாக் கார்களிலும் ஏறிக்கொண்டது. எந்த ஆணும் எனக்குக் கைப்பிடிதான் வேண்டும் என்று அடம் பிடித்ததாகத் தெரியவில்லை. ‘லேடீஸ் சைக்கிள்’ என்று நாம் சொல்லும் தாழ்ந்த சட்டம் உள்ள சைக்கிளும் பாவாடைக்காக வந்ததுதான், இன்று முழங்கால் வலி உள்ளவர்களும் பின்னால் மூட்டை கட்டி ஏறுகிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். பெயர் மட்டும் இன்னும் பெண்ணுடையதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே சந்தையில் இருக்கிற பொருளை எங்கிருந்து மாற்றுவது?

மலிவானதிலிருந்து. பெயர், விளக்கப் புத்தகம், பெட்டிப் படம், இணைய வகைப்பிரிவு இவற்றை வார்ப்பு அச்சைத் தொடாமலே மாற்றிவிடலாம். ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று இருந்த இடத்தில் ‘பிடி: சிறியது, நடுத்தரம், பெரியது’ என்று வந்தாலே வாங்குகிறவருக்குக் குழப்பம் குறையும். அடுத்து அளவுகள், எதை நகர்த்த முடியும், எதை மாற்றிப் பொருத்த முடியும் என்று பாருங்கள். நிறம் கடைசியில் வரட்டும். அந்த ஊதா ஸ்க்ரூடிரைவரைப் பிறகு இப்படித்தான் மீட்டோம், பெரிய மோட்டார், கழற்றி மாட்டும் இரண்டு அளவுப் பிடி, அடர்பச்சை நிறம். ஊதாவும் ஒரு தேர்வாக இருக்கட்டும் என்றுதான் நான் கேட்டேன், அச்சுச் செலவு என்று சொல்லி விட்டுவிட்டார்கள், அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

கொள்கை பேசாதீர்கள். திரும்பி வந்த பொருள்களின் பட்டியலைக் கொண்டுபோய் வையுங்கள், எத்தனை ‘கைக்குப் பொருந்தவில்லை’ என்று வந்தது என எண்ணிக் காட்டுங்கள்.

‘யுனிசெக்ஸ்’ (இருபாலருக்கும்) என்று லேபிள் போட்டால் வேலை முடிந்ததா?

அளவுப் பட்டியலைப் பாருங்கள். யுனிசெக்ஸ் டி-ஷர்ட் என்று வருவதில் பெரும்பாலானவை ஆண்களுக்கு வெட்டிய டி-ஷர்ட்தான், தோள் அகலம், கை நீளம், இடுப்பில் இறுக்கம். வேலைக்குப் போடும் கையுறை, ஹெல்மெட், பாதுகாப்புக் கண்ணாடி எல்லாவற்றிலும் இதே கதைதான். சிறிய அளவு எந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது, அந்த அளவு நிஜமாகவே கையிருப்பில் இருக்கிறதா, இல்லை ‘விரைவில் வரும்’ என்று மூன்று மாதமாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு லேபிளைப் படியுங்கள்.